சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்க்கு இடுப்பு மூட்டில் வலி: படங்கள் கூறும் காரணங்கள்

(தோட்ட மக்களுக்கான நல்வாழ்வுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் முற்றிச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வரும் தோழர்களை நாம் அனைவரும் அறிவோம். அவர்களுள் சிலருக்கு உடன்பிறந்தாரோ, பெற்றோரோ, வாழ்க்கைத் துணையோ தம் சிறுநீரகங்களுள் ஒன்றைக் கொடுக்க முன்வருகின்றனர். வேறு சிலருக்கு இறந்தவரின் உடலிலிருந்து பெறப்பட்ட சிறுநீரகம் கிடைக்கின்றது. 1954ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் போஸ்டன் நகரில், இரட்டைச் சகோதரர்கள் இருவருக்கிடையே டாக்டர் ஜோசப் மரே என்பார் இச்சிகிச்சையை வெற்றியுடன் செய்து காட்டினார். நம் நாட்டில் 1975ஆம் ஆண்டு டிசம்பரில் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் முதன்முதலாக இது நிகழ்ந்தது. மனிதன் மனிதனுக்கு அளிக்கக்கூடிய கொடைகளுள் இதனினும் பெரியது ஒன்று உண்டோ என்பது ஐயமே.

அத்தகைய கொடையைப் பெற்று உடல் தேறி, மீண்டும் வேலைக்குத் திரும்பியவர்க்குச் சில மாதங்கள் கழித்து வரக்கூடிய ஒரு வலியைப் பற்றியே இன்று பேச முற்பட்டோம். அது இடுப்பு மூட்டு வலி. அதன் காரணங்கள் பல. வெளியிலிருந்து பார்த்து எது காரணம் என்று சொல்லிவிட இயலாது. அதனைப் பிரித்தறிய இன்றைய மருத்துவம் படங்களையே பெரிதும் நம்பியிருக்கின்றது. எந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை நோயாளியும் அவர் வீட்டாரும் ஓரளவேனும் அறிந்திருப்பது நன்று.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிய சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். நாம் 'இடுப்பு வலி' என்று சொன்னால் அது முதுகின் அடிப்பகுதியாகவும் இருக்கலாம், விலாவுக்குக் கீழாகவும் இருக்கலாம், புட்டமாகவும் இருக்கலாம். மருத்துவமனையில் மலாய் மொழியில் 'சாக்கிட் பிங்காங்' என்று சொன்னாலும் அதே குழப்பந்தான். முதுகு வலி என்று எண்ணி முதுகெலும்பைப் படம் எடுத்து, குறையொன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிடவும் கூடும். உண்மையில் இடுப்பு மூட்டில் நோய் இருந்தால் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடை இடுக்கில் தெரியும். மலாயில் அதனைப் 'பங்கால் பஹா' என்பர். சிலருக்குப் புட்டத்தில் தெரியும். இன்னும் சிலருக்குத் தொடை வழியாக முழங்காலுக்கு இறங்கி, முழங்காலே நோகிறது என்று எண்ணச் செய்யும். ஆகவே சொல்லால் சொல்வதோடு நில்லாமல், வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். எந்த மொழி தெரியாவிட்டாலும் அவ்விரல் பேசும்.

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் பந்தும் போன்றது. தொடையெலும்பின் மேல்முனை உருண்டையாகப் பந்துபோல் அமைந்து, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணத்துக்குள் சுழல்கின்றது. அப்பந்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளங்கள் மிகச் சிறியவை. பெரும்பாலும் எலும்பின் கழுத்து வழியாகவே மேலேறுபவை. அவை அடைபட்டால் மாற்று வழி குறைவு. உடலின் முழுப் பாரத்தையும் தாங்கும் ஓர் உறுப்புக்கு இவ்வளவு ஒடுக்கமான நீர்ப்பாதையா என்று வியக்கத் தோன்றுகின்றது.

இங்கேதான் சிறுநீரக மாற்றத்துக்கும் இடுப்பு மூட்டுக்கும் தொடர்பு உண்டாகின்றது. பிறரது உறுப்பை நம் உடல் அயலானாகக் கருதித் தாக்க முனையும். அத்தாக்குதலைத் தடுக்கப் பல மாத்திரைகள் அளிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து. புதிய சிறுநீரகத்தைக் காப்பதில் அதன் பங்கு பெரிது. ஆயினும் மிகுந்த அளவில் உட்கொள்ளும்பொழுது எலும்பின் உள்ளேயிருக்கும் கொழுப்பணுக்கள் பருத்து, நுண்ணிய நாளங்கள் நெருக்குண்டும் அடைபட்டும் போவதுண்டு. இரத்தம் கிடைக்காத எலும்புப் பகுதி மடிந்துவிடுகின்றது. மருத்துவர்கள் இதனை 'அவாஸ்குலர் நெக்ரோசிஸ்' என்று அழைக்கின்றனர். இரத்தமின்றி எலும்பு மடிதல் என்று நாம் பொருள் கொள்ளலாம். பெரும்பாலும் அறுவை நிகழ்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இது வெளிப்படுகின்றது. முற்காலத்தில் ஸ்டீராய்டு மிகுதியாகக் கொடுக்கப்பட்டது. 1980களுக்குப் பின் சைக்குளோஸ்போரின் முதலிய வேறு மருந்துகள் வந்ததனால் அதன் அளவு குறைந்தது, இந்நோயும் குறைந்தது. எனினும் அடியோடு நீங்கிவிடவில்லை.

ஒரு பால்மரத் தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். தமக்கை கொடுத்த சிறுநீரகத்தோடு ஓராண்டுக்காலம் நலமாக இருக்கின்றார். விடியற்காலையில் மரம் சீவப் போகையில் வலது தொடை இடுக்கில் ஒரு குத்தல். தாழ்ந்த வெட்டுக்குக் குந்தி எழும்பொழுது அது கூடுகின்றது. உட்கார்ந்தால் குறைகின்றது. "மேட்டில் ஏறி இறங்கியதால் வந்த பிடிப்பு" என்று அவரும் நினைக்கின்றார், அண்டை வீட்டாரும் சொல்கின்றனர். தைலம் தேய்க்கின்றார். இரண்டு வாரம் சென்றபின் மருந்தகத்தில் எக்ஸ்ரே எடுக்க எழுதிக் கொடுக்கின்றனர். படம் நன்றாக இருக்கின்றது என்று சொல்லப்படுகின்றது. மன நிறைவோடு வீடு திரும்புகின்றார். வலியோ திரும்பவில்லை, கூடவே இருக்கின்றது. இத்தகைய நிலையில் இருப்பவர்க்காகவே இப்பேச்சு.

எக்ஸ்ரே ஏன் பொய் சொல்லிற்று? அது பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு விடை அளித்தது, அவ்வளவுதான். 1895ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ரோண்ட்ஜன் கண்டுபிடித்த அக்கதிர், எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தின் நிழலைக் காட்டுவது. எலும்பு மடிந்தாலும் அதன் சுண்ணாம்பு உடனே மறைந்துவிடுவதில்லை. ஆகவே மடிந்த எலும்பும் உயிருள்ள எலும்பும் பல மாதங்கள் வரை ஒன்றுபோலவே நிழல் விழுத்தும்.

நம் தோட்டத்திலேயே இதற்கு ஒப்புண்டு. வெள்ளை வேர் நோய் பற்றிய ரப்பர் மரத்தைப் பாருங்கள். மேலே இலை தழைத்திருக்கும். கிளை பச்சையாக இருக்கும். இலை மஞ்சளித்து உதிரத் தொடங்கும்பொழுது வேர் அழுகிக் காலம் கடந்திருக்கும். அனுபவமுள்ளவர் இலைக்காகக் காத்திருப்பதில்லை. மரத்தின் அடிக்கழுத்தில் மண்ணை விலக்கி, வெள்ளை நூல்கள் படர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கின்றார். எக்ஸ்ரே என்பது இலையைப் பார்ப்பது. எம். ஆர். ஐ. என்பது மண்ணை விலக்கிப் பார்ப்பது.

எம். ஆர். ஐ. கருவியில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. வலிய காந்தமும் வானொலி அலையும் கொண்டு, உடலிலுள்ள நீரும் கொழுப்பும் எங்கெங்கே எவ்வாறு இருக்கின்றன என்று அது வரைந்து காட்டுகின்றது. எலும்பின் உட்சோற்றில் கொழுப்பு நிறைந்திருப்பதால், அங்கே உண்டாகும் மாறுதலை அது வெகு முன்பாகவே கண்டுகொள்ளும். இரத்தமின்றி மடிந்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் இடையே வரப்புப் போன்று ஒரு கோடு தெரியும். ஒருவகைப் படத்தில் அக்கோடு கறுப்பாகவும், மற்றொரு வகையில் கறுப்பும் வெளுப்புமாக இரட்டைக் கோடாகவும் தோன்றும். அதைக் கண்ட மருத்துவர்க்கு ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பந்தின் எவ்வளவு பகுதி மடிந்துள்ளது, பாரம் தாங்கும் உச்சிப்பக்கம் கெட்டிருக்கிறதா என்பதையும் அளந்து சொல்லலாம். அந்த அளவே மேற்கொண்டு செய்யும் சிகிச்சையைத் தீர்மானிக்கின்றது.

ஒரு பக்கந்தான் வலிக்கின்றது என்றாலும் இரு பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். மருந்து இரு காலுக்கும் பொதுவாகத்தானே சென்றது! வலியே இல்லாத மறு இடுப்பிலும் நோய் தொடங்கியிருப்பதைப் பலரிடம் காண்கின்றனர்.

அப்படியானால் எக்ஸ்ரே வீண்தானோ என்று கேட்கலாம். வீணன்று. எளிதானது, விலை குறைந்தது, முதலில் எடுக்க வேண்டியதும் அதுவே. நேராக ஒரு படமும், முழங்காலை மடித்து வெளிப்பக்கம் சாய்த்துத் தவளைபோல் வைத்து ஒரு படமும் எடுப்பர். நோய் முற்றியிருந்தால் பந்தின் மேலோட்டுக்குக் கீழே பிறைநிலாப் போன்ற ஒரு கறுப்புக் கோடு தென்படும். ஓடு உள்ளிருந்து விரிசல் கண்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பின்னர்ப் பந்து தட்டையாகி, மூட்டே தேய்ந்துபோகும். எலும்பு முறிவு, தேய்மானம், கட்டி ஆகியவற்றையும் எக்ஸ்ரே காட்டிவிடும். நாம் வற்புறுத்துவது இஃதொன்றே: சிறுநீரகம் மாற்றியவர்க்கு எக்ஸ்ரே நன்றாக இருந்தும் வலி நீங்கவில்லையெனில், ஆய்வு முடிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. "ஐயா, எனக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கின்றார்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகின்றேன்" என்று மருத்துவரிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். அவ்விரண்டு செய்திகளும் அவருடைய எண்ணத்தையே மாற்றும்.

மடிந்த எலும்பு ஒன்றே காரணம் என்று எண்ணிவிடவும் கூடாது. சிறுநீரகம் கெட்டிருந்த ஆண்டுகளில் எலும்பின் சுண்ணாம்புக் கணக்கு ஏற்கெனவே தாறுமாறாகியிருக்கும். அதன்மேல் ஸ்டீராய்டு வேறு எலும்பை மெலிவிக்கும். இவ்வாறு மெலிந்த எலும்பில், விழாமலே, அடிபடாமலே, நாள்தோறும் நடப்பதனாலேயே மயிரிழை போன்ற முறிவு உண்டாகும். தொடையெலும்பின் கழுத்திலோ, இடுப்பு வளையத்தின் முன்புறத்திலோ, முதுகின் அடியிலுள்ள முக்கோண எலும்பிலோ அது ஏற்படலாம். எக்ஸ்ரேயில் தெரியாத இம்முறிவையும் எம். ஆர். ஐ. காட்டும், எலும்பின் நுண்ணிய உடைப்பைப் பார்க்கச் சி. டி. ஸ்கேன் துணை செய்யும். தொடையெலும்புக் கழுத்தில் முறிவு என்று தெரிந்தால், மறுமொழி வரும்வரை அக்காலில் பாரம் ஊன்றாதிருப்பது இன்றியமையாதது. மயிரிழை முறிவு முழு முறிவாகப் பிளந்துவிட்டால் அது பெரும் அறுவையில் கொண்டுபோய் நிறுத்தும்.

அடுத்தது தொற்று. மாற்று உறுப்பைக் காக்கும் மருந்துகள் உடலின் காவலைத் தளர்த்தி வைத்திருப்பதால், மூட்டில் சீழ் பிடித்தாலும் காய்ச்சல் கொதிக்க வேண்டுமென்பதில்லை. காசநோய்க் கிருமி இடுப்பு மூட்டில் தங்குவது நம் நாட்டுக்குப் புதிதன்று. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமியும் இங்குண்டு. நீரிழிவு உடையவரையும் உடற்காவல் குன்றியவரையும் அது நாடிப் பற்றும். வெறுங்காலோடு சேற்றில் வேலை செய்யும் பழக்கமுடையவர் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும். மூட்டில் நீர் கோத்திருப்பதை அல்ட்ராசவுண்டும் எம். ஆர். ஐ.யும் காட்டும். ஆனால் அது வெறும் நீரா, சீழா, எந்தக் கிருமி என்று படத்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊசியால் சிறிது எடுத்துச் சோதித்தே அறிய வேண்டும். ஊசிக்கு அஞ்சி அதனை மறுக்காதீர்கள். காய்ச்சலோடு மூட்டை அசைக்கவே இயலாத வலி என்றால், அன்றைய தினமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மறுநாள் பெரட்டு முடியட்டும் என்று தள்ளிவைத்தல் தகாது.

நெடுங்காலம் இரத்தச் சுத்திகரிப்பில் இருந்தவர்க்கு வேறொன்றும் நேர்வதுண்டு. இயந்திரத்தால் முழுமையாக வெளியேற்ற இயலாத ஒருவகைப் புரதம் மூட்டுகளில் படிந்து, எலும்பில் குழி விழச் செய்யும். பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்து எலும்பைக் கரைத்த தழும்புகளும் இருக்கலாம். சிறுநீரகத்துக்காகக் கொடுக்கப்படும் சில மருந்துகள் யூரிக் அமிலத்தைக் கூட்டி மூட்டு வாதத்தை எழுப்புவதும் உண்டு.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. புதிய சிறுநீரகம் முதுகுப்புறத்தில் வைக்கப்படுவதில்லை. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், தொடை இடுக்குக்குச் சற்று மேலே வைக்கப்படுகின்றது. பழைய சிறுநீரகங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே விடப்படுகின்றன. எனவே அப்பக்கத்தில் வலி என்றால், மூட்டுக்குப் பதிலாகச் சிறுநீரகமே முறையிடுகின்றதோ என்றும் பார்க்க வேண்டும். தொட்டால் நோதல், சிறுநீர் குறைதல், கால் வீங்குதல், காய்ச்சல் ஆகியவை அதன் குறிகள். அதற்குரிய முதல் ஆய்வு அல்ட்ராசவுண்டு படமும் இரத்தச் சோதனையும் ஆகும்.

காரணம் தெரிந்தபின் செய்வது என்ன என்பது தனியொரு பேச்சுக்குரியது, சுருங்கச் சொல்வோம். எலும்பு மடிந்த நோயைப் பந்து உருக்குலையும் முன் கண்டால், ஊன்றுகோல் கொடுத்துப் பாரத்தைக் குறைக்கலாம். எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைத் தணிக்கும் சிறு அறுவை செய்யலாம். எல்லார்க்கும் இவை பயன்தருமென்று உறுதி கூற முடியாது. பந்து நொறுங்கிவிட்டால் செயற்கை மூட்டுப் பொருத்துவதே வழி. சிறுநீரகம் மாற்றியவர்க்கும் அது செய்யப்படுகின்றது.

செய்யலாகாதவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசுவோம். அங்கேதான் நம் மக்கள் பெரிதும் இடறி விழுகின்றனர். ஸ்டீராய்டால் எலும்பு கெடுகின்றது என்று கேள்விப்பட்டவுடன் மாத்திரையை நிறுத்திவிட எண்ணுவது முதற் பிழை. தாமாக நிறுத்தினால் உடல் புதிய சிறுநீரகத்தைத் தாக்கும். அத்தோடு, நாள்பட ஸ்டீராய்டு உண்டவர் திடீரென்று விட்டால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். தமக்கை தந்த கொடையை இடுப்பு வலிக்கு அஞ்சி இழப்பதா? அளவைக் குறைக்க வேண்டுமா என்பதைச் சிறுநீரக மருத்துவர் ஒருவரே முடிவு செய்வார்.

வலி தீர்க்கும் மாத்திரை இரண்டாவது. டைக்குளோஃபெனாக், ஐபுபுரோஃபென், 'பொன்ஸ்தான்' என்று கடைகளில் நாம் கேட்டு வாங்கும் மெஃபனாமிக் அமிலம் ஆகியவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைப்பவை. இரு சிறுநீரகமும் நலமாக உள்ளவர் தாங்கிக்கொள்ளலாம். ஒன்றை இரவலாகப் பெற்றவர் தாங்கார். மருத்துவரைக் காணும்வரை பாராசிட்டமோல் மட்டும், குறித்த அளவில், போதும். பதிவு பெறாத ஜாமு உருண்டைகளையும் பொடிகளையும் அறவே தவிர்க்க வேண்டும். அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு இரகசியமாகக் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பன்முறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. ஒரே வேளையில் வலி பறந்துவிடுகிறதே என்று புகழப்படும் உருண்டையிடம் நமக்கு ஐயமே தோன்ற வேண்டும். சம்சுவைப் பற்றியும் ஒரு சொல்: மிகுதியாகக் குடிப்பவர்க்கு, சிறுநீரக நோயே இல்லாவிடினும், இதே இடுப்பெலும்பு மடியும் நோய் வருகின்றது. உருவி விடுதல், சுளுக்கெடுத்தல் ஆகியவற்றை, காரணம் தெரியுமுன் இவ்விடத்தில் செய்தல் வேண்டா. உள்ளே மயிரிழை முறிவு இருந்தால் அக்கைகளே அதனைப் பிளக்கக்கூடும்.

படம் எடுக்கச் செல்லும்பொழுது உங்கள் மருந்துகளின் பட்டியலையும், மாற்றுச் சிகிச்சை நடந்த நாளையும், பழைய படங்களையும் கையோடு கொண்டு செல்லுங்கள். சில படங்களுக்கு நரம்பில் சாயமருந்து ஏற்றுவர். சி. டி. ஸ்கேனுக்குரிய அயோடின் சாயம் சிறுநீரகத்துக்குச் சுமை. எம். ஆர். ஐ.க்குரிய கடோலினியம் சாயத்துள் சில வகைகள், சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்க்குத் தோலை இறுகச் செய்யும் கொடிய நோயை உண்டாக்கின என்பது 2006ஆம் ஆண்டில் தெரியவந்தது. மடிந்த எலும்பைக் காண்பதற்குப் பெரும்பாலும் சாயமே தேவையில்லை. ஆயினும் ஊசி ஏற்றுமுன் சிறுநீரகம் பற்றி ஊழியரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

எம். ஆர். ஐ. அறைக்குள் உலோகம் எதுவும் செல்லலாகாது. இதயத்தில் மின்கருவி பொருத்தியவரும், ஆலையில் சாணை பிடிக்கையிலோ இரும்பு வெட்டுகையிலோ கண்ணில் இரும்புத் துகள் பட்டவரும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஆடவர் சிலர் இடையில் வெள்ளி அரைஞாண் அணிந்திருப்பர். குழந்தைப் பருவத்திலிருந்தே கழற்றாத தாயத்தும் இருக்கும். படம் எடுக்க வேண்டிய இடத்திலேயே அவை குறுக்கிட்டுப் படத்தைக் கெடுக்கும். எக்ஸ்ரேயிலும் நிழல் விழும். தாய்மார்கள் தாலியைக் கழற்றத் தயங்குவது இயல்பே. பொன் தாலியை வீட்டிலேயே எடுத்து வைத்து, அன்றைக்கு மட்டும் மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை அணிந்து செல்லலாம். அதனால் படத்துக்குத் தீங்கில்லை.

கருவிக்குள் அரைமணி நேரத்துக்கு மேலும் அசையாமல் படுத்திருக்க நேரும். சம்மட்டி அடிப்பது போன்ற ஓசை கேட்கும். காதை மூடச் சாதனம் தருவர். நோவு பொறுக்கவில்லையென்றால், மூச்சு முட்டுவது போல் தோன்றினால், கையில் கொடுத்திருக்கும் ரப்பர்ப் பந்தை அழுத்துங்கள். ஊழியர் உடனே கருவியை நிறுத்திவிட்டு வந்து பேசுவார்.